மேனேஜர் செய்யும் வேலை எது? ஆட்குறைப்புச் செய்திகளைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை விளக்கம்

2024 செப்டம்பரில் அமேசான் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் ஆண்டி ஜாசி தன் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்ற பகுதிதான் அதிகம் பேசப்பட்டது. அதே கடிதத்தில் இன்னொரு முடிவும் இருந்தது. ஒரு மேலாளருக்கு இத்தனை ஊழியர் என்ற விகிதத்தை 2025 மார்ச் முடிவதற்குள் குறைந்தது 15 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது அது. அதற்கு முந்தைய ஆண்டு மெட்டாவில் மார்க் சக்கர்பெர்க், இடையில் இருக்கும் மேலாளர் அடுக்குகளைக் குறைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் ஒரு தரப்பு, 'மேனேஜர் என்றால் மீட்டிங் போடுகிறவர்தானே, போகட்டும்' என்கிறது. இன்னொரு தரப்பு, 'அவர்கள் இல்லாமல் கம்பெனி எப்படி ஓடும்' என்று கேட்கிறது. இரண்டு பேரும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேலாளர் செய்யும் வேலை என்று ஒன்று தனியாக இருக்கிறதா? இருந்தால், அவரை எடுத்துவிட்ட பிறகு அந்த வேலையை யார் செய்வார்கள்? அதைத்தான் இந்தக் கட்டுரை அடியிலிருந்து பார்க்கிறது.

யாரை மேலாளர் என்கிறோம்?

ஒரு தையல்காரர் நல்ல சட்டை தைத்தால் அது அவருடைய வேலையின் பலன். முப்பது தையல்காரர்கள் சேர்ந்து குறித்த நாளில் குறித்த தரத்தில் ஆயிரம் சட்டை தைத்து முடிப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்றால், அவர் மேலாளர். அவர் ஒரு தையல்கூடப் போட்டிருக்க மாட்டார். பிறர் கையால் முடியும் வேலைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். மேலாளர் என்ற பொறுப்பின் சாரம் இவ்வளவுதான்.

பாடநூல்கள் மூன்று நிலைகளைச் சொல்லும். எந்தச் சந்தை, எந்தப் பொருள், எவ்வளவு முதலீடு என்று தீர்மானிப்பது உயர்நிலை. அந்தத் தீர்மானத்தை மாதக் கணக்கு, வாரக் கணக்கு வேலையாக மாற்றுவது இடைநிலை. வேலை நடக்கும் இடத்திலேயே நின்று பார்த்துக்கொள்வது முதல்நிலை. திருப்பூர் பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் இவர்களை முதலாளி, புரொடக்‌ஷன் மேனேஜர், லைன் சூப்பர்வைசர் என்று அடையாளம் காணலாம். இன்று 'குறைக்கிறோம்' என்று செய்தியில் வருவது பெரும்பாலும் நடுவில் இருப்பவர்களைத்தான்.

ஒரு குதிரையின் கால்

மேலாளரின் வேலையை முதலில் வகைப்படுத்தி எழுதியவர் பேராசிரியர் அல்லர், சுரங்கப் பொறியாளர். பெயர் ஹென்றி ஃபயோல். பிரான்சில் கொமாந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் 1860இல், 19 வயதில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு அங்கே ஒரு சின்னச் சம்பவம். சுரங்கத்துக்குள் வண்டி இழுக்கும் குதிரை ஒன்றுக்குக் கால் முறிந்துவிட்டது. வேறு குதிரை வேண்டும் என்று ஃபயோல் எழுதிக் கொடுத்தார். லாயத்தில் குதிரைகள் இருந்தன. ஆனால் லாயக்காரர் தர மறுத்துவிட்டார். சீட்டில் இயக்குநரின் கையெழுத்து இல்லை, இயக்குநர் வெளியூரில் இருந்தார், அவர் இல்லாதபோது யார் கையெழுத்துப் போடலாம் என்று எவரும் சொல்லி வைக்கவில்லை. குதிரை வரவில்லை. அந்தத் தளத்தில் அன்றைய உற்பத்தி போயிற்று.

இதில் யாரும் சோம்பேறியில்லை. குதிரை இருந்தது, ஆள் இருந்தது, நிலக்கரியும் இருந்தது. லாயக்காரர் விதிப்படிதான் நடந்தார். இல்லாமல் போனது ஓர் ஏற்பாடு மட்டும். உற்பத்தியை நிறுத்தக்கூடிய பெரிய விஷயம் சில நேரம் தொழில்நுட்பமோ பணமோ இல்லை, யார் எதைத் தீர்மானிக்கலாம் என்ற தெளிவின்மைதான் என்று ஃபயோல் கண்டுகொண்டார்.

1888இல் அந்த நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது அதன் தலைமை அவரிடம் வந்தது. 1918இல் அவர் ஓய்வு பெறும்போது நிறுவனம் வலுவாக நின்றது. தன் அனுபவத்தை 1916இல் எழுதி வெளியிட்டார். மேலாளரின் பணிகளாக அவர் சொன்னவை ஐந்து: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். 1937இல் அமெரிக்கரான லூதர் குலிக் இதை ஏழாக விரித்தார்: ஆள் அமர்த்தலைப் புதிதாகச் சேர்த்து, கட்டுப்படுத்தலின் இடத்தில் அறிக்கை அளித்தல், நிதி ஒதுக்கீடு ஆகியவற்றை வைத்தார். இன்றைய பாடநூல்களின் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வேர்களிலிருந்து வருபவை.

அந்தப் பணிகள் ஒரு ஆர்டரில் எப்படி இருக்கும்?

பட்டியலாகப் படித்தால் இவை வெறும் சொற்களாகத் தெரியும். எனவே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பூர்க் கம்பெனி ஒன்றுக்கு 50,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வருகிறது. 90 நாளில் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும்.

1. திட்டமிடல். இங்கே திட்டம் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போகும். ஒரு தையல் லைன் நாளைக்கு 1,000 பீஸ் தரும் என்றால், இரண்டு லைனுக்கு 25 வேலைநாள் வேண்டும். அதற்கு முன் பிரிண்டிங்கா எம்ப்ராய்டரியா, அதற்கு முன் கட்டிங், அதற்கு முன் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்குவது), டையிங் (சாயமிடுவது), நிட்டிங் (துணி பின்னுவது), நூல் கொள்முதல். ஒவ்வொன்றுக்கும் நாள் கழித்துக்கொண்டே வந்தால், நிறத்துக்கான மாதிரித் துணிக்கு, ஆர்டர் கொடுத்தவர் எந்தத் தேதிக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று தெரியும். அந்தத் தேதி தவறினால் தொண்ணூறாவது நாள் தவறும். அன்றைக்கு ஆர்டர் கையில் வந்த மகிழ்ச்சியில் இருப்பவர்களுக்கு அது தெரியாது, திட்டம் போட்டவருக்குத் தெரியும்.

2. ஒழுங்கமைத்தல். யார் எதைச் செய்வது, யார் யாருக்குப் பதில் சொல்வது, யார் எதுவரை தீர்மானிக்கலாம் என்பது. கட்டிங் மேஜையில் துணியை விரிக்கும்போது ஒரு ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் ஷேடு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் மாஸ்டர் வேலையை நிறுத்தலாமா, மேனேஜரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டுமா? மேனேஜர் போனை எடுக்கவில்லை என்றால்? கொமாந்திரிக் குதிரையின் கதை ஒவ்வொரு தொழிற்கூடத்திலும் ஏதோ ஒரு வடிவத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

3. ஆள் அமர்த்தல். சரியான ஆளை எடுப்பது, பழக்குவது, தக்கவைப்பது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் தொழிலாளர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பதும் இதில்தான் வரும்.

4. இயக்குதல். ஃபயோல் இதை ஆணையிடுதல் என்றார். இப்போது அந்தச் சொல் போதாது. சொல்வது, காட்டிக் கொடுப்பது, ஊக்குவது, குறை கேட்பது எல்லாம் இதில் சேரும்.

5. ஒருங்கிணைத்தல். என் பார்வையில் மேலாளர் வேலையின் இதயம் இதுதான். நம் ஆர்டரில் டையிங் வெளியே ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தருவது), பிரிண்டிங் வேறொருவரிடம் ஜாப் ஒர்க், தையல் மட்டும் சொந்தமாக. டையிங்கில் நான்கு நாள் தாமதம் என்கிறார்கள். டையிங்காரரைப் பொறுத்தவரை அது நான்கு நாள் மட்டுமே. ஆனால் பிரிண்டிங்காரர் நமக்காக ஒதுக்கிய நாளை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார், நமக்கு அடுத்த இடம் பத்து நாள் கழித்துத்தான். தையல் லைனில் தொழிலாளர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், அல்லது பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். கப்பல் போய்விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபம் அந்தச் செலவிலேயே கரைந்துவிடும். ஒவ்வொருவரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தாலும் மொத்தம் குலைந்துபோகலாம். இரண்டு பேரின் வேலைக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குச் சொந்தக்காரர் எவருமில்லை. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மேலாளர்.

6. கட்டுப்படுத்தல். இந்தச் சொல்லைக் கேட்டால் மிரட்டலும் சிசிடிவியும் நினைவுக்கு வருகின்றன. மேலாண்மையில் அதன் பொருள் வேறு: அளவுகோல் வைப்பது, நடப்பதை அளப்பது, ஒப்பிடுவது, விலகினால் சரிசெய்வது. துணி சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை இருக்க வேண்டும், வந்தது 190 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு நன்றாக, கனமாகத் தெரியும். ஆனால் துணி கிலோக் கணக்கில் வருவது. 50,000 பீஸுக்கு என்று போட்ட அதே எடையில் இப்போது சுமார் 47,400 பீஸ்தான் கிடைக்கும். சேதாரத்துக்கென்று 3 சதவீதம் கூடுதல் துணி வைத்திருந்தாலும் அதுவும் போதாது. நிட்டிங் நடக்கும்போதே அளந்தால் மெஷினில் சரிசெய்யலாம். கட்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் மறுபடியும் நூல், மறுபடியும் டையிங், மறுபடியும் ஷேடு பொருந்துமா என்ற கவலை.

பணிகள் ஒருபுறம், பாத்திரங்கள் மறுபுறம்

ஃபயோலின் பட்டியலைப் படித்தால் மேலாளர் அமைதியாக உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறவர் என்று தோன்றும். அது உண்மையா என்று பார்க்கப் போனவர் கனடாவின் மேலாண்மைப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க். ஐந்து தலைமை அலுவலர்களை, ஒவ்வொருவரையும் ஒரு வாரம், கூடவே இருந்து கவனித்து, 1973இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். நாளின் பெரும்பகுதி பேச்சில் போனது.

அவர் மேலாளர் ஏற்கும் பாத்திரங்களைப் பத்தாகப் பிரித்து மூன்று கூட்டமாக வைத்தார்.

1. ஆட்களோடு: நிறுவனத்தின் அடையாளமாக நிற்பவர், வழிநடத்துபவர், வெளியாரோடு தொடர்பு வைப்பவர்.
2. தகவலோடு: செய்தி சேகரிப்பவர், அதை உள்ளே பரப்புபவர், வெளியே எடுத்துச் சொல்பவர்.
3. முடிவுகளோடு: புதியதைத் தொடங்குபவர், இடையூறு தீர்ப்பவர், ஆளையும் பணத்தையும் பங்கிடுபவர், பேரம் பேசுபவர்.

இதில் இடையூறு தீர்ப்பவர் என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றுக்கும் அதை நம்பிய விவசாயிகளுக்கும் அது தேவையான தீர்ப்பு. பின்னலாடைக் கம்பெனிகளுக்கோ, பின்னிய துணி கையில் இருக்க, சாயம் போட ஊரில் இடமில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது வேறு மாதிரி நெருக்கடி வந்தது. கூடுதல் வரியில் யார் எவ்வளவு தாங்குவது, தைத்து முடித்ததை என்ன செய்வது, லைனில் இருக்கும் ஆட்களுக்கு எந்த வேலை கொடுப்பது? எந்த ஆண்டுத் திட்டத்திலும் எழுதியிருக்காத கேள்விகள் இவை. அன்றைக்கே பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஃபயோல், மின்ட்ஸ்பெர்க் இருவரில் யார் சரி என்று கேட்கத் தேவையில்லை. முதலாமவர் அந்த வேலை எதற்காக என்று சொன்னார், இரண்டாமவர் அது நடக்கும்போது எப்படி இருக்கும் என்று சொன்னார். சின்னச் சின்னப் பேச்சுகளுக்குள்தான் ஒருங்கிணைப்பும் கட்டுப்பாடும் நடக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'எப்போது பார்த்தாலும் பேசிக்கொண்டே இருக்கிறார்' என்று தோன்றுவதும் அதனால்தான்.

அதே ஆட்கள், அதே கட்டடம்

மேலாண்மை மாறினால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? இதற்கு மிகத் தெளிவான சான்று கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் கிடைத்தது.

அங்கே ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கார் ஆலை ஒன்று இருந்தது. வேலைக்கு வராதவர்கள் 20 சதவீதம் வரை, அடிக்கடி தகராறு, மோசமான தரம். 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையை நும்மி என்ற பெயரில் திறந்தன. எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள், தொழிற்சங்கமும் பழையதே. இரண்டே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸின் மிகச் சிறந்த ஆலைகளுக்கு இணையான தரம் வந்தது. வராதவர்கள் 2 சதவீத அளவுக்கு இறங்கினார்கள்.

மாறியது என்ன? பழைய ஆலையில் லைன் எக்காரணத்தைக் கொண்டும் நிற்கக் கூடாது. தப்பு கண்ணில் பட்டாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது வழக்கம். புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எட்டும் தூரத்தில் ஒரு கயிறு. தப்பு தெரிந்தால் இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வருவார். தீராவிட்டால் லைன் நிற்கும். நான்கைந்து பேருக்கு ஒரு குழுத் தலைவர் என்ற அளவில், உதவிக்கு வரும் ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருந்தார். நிறுத்தும் அதிகாரம் கீழே வந்தது, மேலாளரின் வேலை ஓடி வந்து உதவுவதாக மாறியது. கட்டிங் மாஸ்டருக்கும் லாயக்காரருக்கும் இல்லாமல் போனது இதுதான்.

இரண்டு ஆண்டு வேலையிழந்து தவித்தவர்கள் மறுபடி வேலை கிடைத்ததும் மனம் மாறியிருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் அந்த மாற்றம் சில மாதங்களில் மறைந்திருக்கும். நும்மி 2010 வரை ஓடியது. இப்போது அந்த வளாகத்தில் டெஸ்லா கார் செய்கிறது.

ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கலாம்?

அமேசானின் 15 சதவீதத்துக்கு இப்போது வரலாம். ஒரு மேலாளருக்குக் கீழே நேரடியாக எத்தனை பேர் என்பதைக் கட்டுப்பாட்டு வீச்சு என்பார்கள். 1,000 ஊழியர்களுக்கு 100 மேலாளர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் வீச்சு 10. அதை 15 சதவீதம் கூட்டினால் 11.5. அதே 1,000 பேருக்கு இப்போது 87 மேலாளர் போதும். அதாவது 15 சதவீதம் என்பது மேலாளர்களில் 13 சதவீதக் குறைப்பு. இது விளக்கத்துக்கான கணக்கு, அமேசானின் உண்மை எண்ணிக்கை அல்ல.

பத்துக்கும் பதினொன்றரைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். லித்துவேனியரான கிரைக்கூனாஸ் 1933இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். மேலாளர் கவனிக்க வேண்டியது ஆட்களை மட்டும் அல்ல, ஆட்களுக்கு இடையிலான உறவுகளையும்தான். நேரடி உறவு, இருவருக்கு இடையே உள்ளது, குழுவாகச் சேரும்போது உள்ளது என்று எல்லாவற்றையும் எண்ணினால், 4 பேருக்கு 44 உறவுகள், 5 பேருக்கு 100, 6 பேருக்கு 222. நடைமுறையில் இத்தனையும் ஒரே நாளில் தலைதூக்காது. ஆனாலும் ஆள் ஒன்று கூடும்போது வேலை ஒன்றுக்கு மேல் கூடுகிறது என்ற அடிப்படை சரிதான்.

வீச்சு எவ்வளவு இருக்கலாம் என்பது வேலையைப் பொறுத்தது. எல்லோரும் ஒரே மாதிரி வேலை செய்யும் இடத்தில் ஒருவர் முப்பது பேரையும் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் வேலை இன்னொருவர் வேலையில் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஏழெட்டே அதிகம்.

எடுத்துவிட்டுப் பார்த்தவர்கள்

2000களின் தொடக்கத்தில் கூகிளில் பொறியாளர்களுக்கு மேலாளரே வேண்டாம் என்று முயன்று பார்த்தார்கள். சில மாதங்களுக்கு மேல் அது நீடிக்கவில்லை. செலவுக் கணக்குக்கு ஒப்புதல், இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் என்று எல்லாமே நிறுவனர் லாரி பேஜிடம் நேராக வந்து நின்றன. மேலாளர்கள் போனார்கள், அவர்கள் செய்த வேலை ஒருவர் தலையில் குவிந்தது.

பின்னர் 2009இல் அதே நிறுவனம், நல்ல மேலாளர் என்றால் யார் என்று தன் சொந்தத் தரவுகளை வைத்தே ஆராய்ந்தது. கண்டறிந்த எட்டுக் குணங்களில் முதலாவது நல்ல பயிற்றுநராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது இடத்தில் இருந்தது. பொறியாளர்களே நடத்தும் நிறுவனத்தில் வந்த முடிவு இது. நன்றாகக் கணினி நிரல் எழுதுபவரை, நன்றாகத் தைப்பவரை அப்படியே மேனேஜர் ஆக்கிவிடும் நம் ஊர்ப் பழக்கத்தையும் இதை வைத்து யோசிக்க வேண்டும்.

ஜெர்மனியின் மருந்து நிறுவனமான பேயர் வேறு விதமாகச் செய்தது. 2023இல் தலைமைக்கு வந்த பில் ஆண்டர்சன் ஆயிரக்கணக்கான மேலாளர் இடங்களைக் குறைத்தார். கூடவே, குழுக்கள் 90 நாள் சுற்றுகளில் தாங்களே திட்டமிட்டு, தாங்களே முடிவெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பலன் எப்படி என்பதைச் சொல்ல இன்னும் காலம் வேண்டும். ஆனால் அங்கே திட்டமிடலும் முடிவெடுத்தலும் எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது முன்வைக்கப்பட்டது.

ஆகவே 'மேலாளர் அடுக்கு நீக்கம்' என்ற செய்தியைப் படிக்கும்போது சிலவற்றைத் தேடிப் பார்க்கலாம். திட்டம் இனி யார் போடுவார்? இரண்டு குழுக்கள் முட்டிக்கொண்டால் யாரிடம் போவார்கள்? விலகலை யார் அளப்பார்? கீழே இருப்பவருக்கு எதைத் தீர்மானிக்கும் அதிகாரம் புதிதாகக் கிடைத்தது? இவற்றுக்கு விடையில்லாமல் ஆள் மட்டும் குறைந்தால், அந்த வேலை மிச்சமிருப்பவர்களின் மாலை நேரத்துக்குள் போய்ச் சேரும்.

பெயர்ப்பலகையும் சட்டமும்

இந்தியாவில் இருப்பவருக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் 'தொழிலாளி'க்குத் தந்த பாதுகாப்புகளில் ஒன்று ஆட்குறைப்பு இழப்பீடு: ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்கினால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். முதன்மையாக மேலாண்மை அல்லது நிர்வாகப் பணியில் இருப்பவர் இந்தத் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார். மேற்பார்வைப் பணியில் இருந்து குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குபவரும் வரமாட்டார். அந்த வரம்பு மாதம் 10,000 ரூபாயாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அதை 18,000 ஆக்கியது.

அப்படியானால் 'மேனேஜர்' என்று அடையாள அட்டையில் அச்சிட்டுவிட்டால் போதுமா? போதாது. பதவிப் பெயரைப் பார்க்காமல், அவர் முதன்மையாகச் செய்த வேலை எது என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. கீழே ஆட்கள் இருந்தார்களா, அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தாரா, விடுப்புக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் இருந்ததா, ஒழுங்கு நடவடிக்கை பற்றி முடிவெடுத்தாரா என்று கேட்கிறார்கள். ஐடி நிறுவனங்களில் மேனேஜர் என்ற பெயரோடு தனியாக நிரல் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு இது முக்கியமானது. பணி நியமன உத்தரவு, வேலை விவரம் சொல்லும் மின்னஞ்சல்கள், ஒப்புதல் அதிகாரம் இருந்ததா இல்லையா என்பதைக் காட்டும் ஆவணங்கள் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நீக்கல் கடிதம் வந்த பிறகு அலுவலக மின்னஞ்சல் திறக்காது.